கொறடு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட சுகாதார நிர்வாகத்தில் கொள்முதலையும் பணியிடங்களையும் முடிவு செய்கிறவர்களுக்கு,

வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களின் பல் பிரிவுகளில் வேலை செய்யும் மருத்துவர்களும் உதவியாளர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். அண்மையில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பல் பிரிவுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் சொன்னது இதுதான்: பல் பிடுங்கும் கொறடு போன்றவற்றை மட்டும் கேட்டால் போதும், அடைப்பு, வேர் சிகிச்சை என்று வருகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். உத்தரவாக எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்து அனுப்பிய இண்டெண்டில், அதாவது தேவைப் பட்டியலில், அடைப்புத் தூளும் பல் குடையும் பர் முனைகளும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. வாயைப் பற்றிய முடிவு வாய்மொழியாகவே இருக்கட்டும் என்று நினைத்தீர்கள் போலும். எங்கள் மறுப்பை நாங்கள் எழுத்தில் வைக்கிறோம்.

பல் சொத்தை ஒரு நாளில் வந்துவிடுவதில்லை. எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டைனுக்குள் இறங்கும்போது இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் சுருக்கென்று பிடிக்கும். வாயைக் கொப்பளித்ததும் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் வருகிறவரின் பல்லை ஒரே உட்காரலில் அடைத்து அனுப்பலாம். அடுத்த கட்டத்தில் வலி தானாகவே வரும், படுத்தால் கூடும், இரவெல்லாம் தூங்க விடாது. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது கட்டம்தான் ஏமாற்றுவது. வலி ஒருநாள் திடீரென்று நின்றுபோகும். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நோயாளி நிம்மதி அடைவார். உண்மையில் நரம்பு செத்திருக்கும். பிறகு வேர் நுனியில் சீழ் கட்டும், கன்னம் வீங்கும்.

இந்த மூன்று கட்டத்தில் எதில் வந்தாலும், அடைப்புச் சாமான் இல்லாத நிலையத்தில் கிடைப்பது ஒன்றே: மாத்திரை, பிறகு கொறடு. முதல் கட்டத்தில் வந்தவருக்குப் பல்லைப் பிடுங்க மனம் வராது, எங்களுக்கும் வராது. அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புகிறோம். அங்கே போக ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு தனி. போனால் சீட்டு, எக்ஸ்ரே, இன்னொரு நாள் வரச் சொல்லி ஒரு தேதி. வலி அவ்வளவாக இல்லாத பல்லுக்காக எந்தக் கூலித் தொழிலாளி மூன்று நாள் கூலியை விடுவார்? போகமாட்டார். எட்டு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே பல்லோடு, வீங்கிய கன்னத்தோடு, எங்களிடமே திரும்பி வருவார். அப்போது கொறடைத் தவிர வேறு வழி இருக்காது. நீங்கள் மிச்சம் பிடித்த ஒரு கரண்டித் தூளுக்கு ஒரு கடைவாய்ப் பல் விலை.

அந்தத் தூளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடைப்பு என்றாலே ஏதோ உயர்தொழில்நுட்பம் என்ற எண்ணம் மேசைகளில் இருக்கிறது. கிளாஸ் அயனோமர் சிமெண்ட், நாங்கள் ஜி.ஐ.சி. என்போம். ஒரு புட்டித் தூள், ஒரு புட்டித் திரவம். அடைப்புக்கு ஒரு சிறு கரண்டித் தூளும் ஒரு சொட்டுத் திரவமும். கரண்டி என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம். 15 கிராம் புட்டி ஒன்றில், கொஞ்சம் சிந்திச் சிதறினாலும், முப்பதுக்குக் குறையாத பற்களை அடைக்கலாம். இதற்கு எந்திரம் கூட வேண்டாம். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக உருவானது. பல் நாற்காலி இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து மேசையில் குழந்தையைப் படுக்க வைத்தும் செய்யலாம்.

செய்முறை இப்படி. பல்லின் இரு பக்கமும் பஞ்சு உருளை வைத்து எச்சில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரண்டி நுனிக் கைக்கருவியான ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் மெத்தென்று இருக்கும் சொத்தையைச் சுரண்டி எடுக்க வேண்டும். முதலில் குழியின் ஓரம் முழுக்கச் சுத்தமாக வேண்டும், அடிப்பகுதியில் நரம்புக்கு அருகே கொஞ்சம் கெட்டியான பழுப்பு நிறம் இருந்தால் விட்டுவிடலாம். சிமெண்ட் ஒட்டுவதற்கான கண்டிஷனர் திரவத்தை 10 முதல் 15 விநாடி தடவி, ஈரப் பஞ்சால் இரண்டு மூன்று முறை துடைத்து, உலர்ந்த பஞ்சால் ஒற்ற வேண்டும். வறட்டு வறட்டென்று காயவைத்தால் ஒட்டாது. பிறகு தூளை இரண்டு பங்காகப் பிரித்து, முதல் பங்கைத் திரவத்தில் சேர்த்து, அடுத்ததைச் சேர்த்து, அரை நிமிடத்துக்குள் குழைத்து முடிக்க வேண்டும். பளபளப்பு இருக்கும்போதே குழியில் வைத்துவிட வேண்டும். மங்கிவிட்டால் அந்தக் கலவை வீண். விரல் உறையில் வாசலின் தொட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிஞ்சியதை வழித்து, கடியைச் சரிபார்த்து, மேலே மறுபடி வாசலின் பூசினால் முடிந்தது. ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம். பழகிய கைக்கு ஒரு பல்லுக்குப் பதினைந்து இருபது நிமிடம்.

கெட்டுப்போவது எங்கே என்பதையும் மறைக்க வேண்டாம். புட்டியின் மூடி சரியாக மூடாவிட்டால் மழைக்காலத்தில் தூள் ஈரம் குடிக்கும். திரவம் கெட்டியாகிச் சொட்டு சரியான அளவில் விழாது. சித்திரை வெயிலில் கலவை பாதி நேரத்தில் இறுகிவிடும், குழைக்கும் கண்ணாடித் தட்டைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது எச்சில். ஒரே ஆள் நாக்கை ஒதுக்கி, பஞ்சு பிடித்து, சிமெண்டும் குழைத்தால் குழிக்குள் எச்சில் போகாமல் இருக்காது. எச்சில் பட்ட அடைப்பு இரண்டு மாதத்தில் கழன்று விழும். அரசு ஆஸ்பத்திரி அடைப்பு நிக்காது என்று ஊரில் பேர் வாங்கியது சிமெண்ட் அல்ல, காலியாகக் கிடக்கும் உதவியாளர் பணியிடம்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல் மருந்துகளுக்கென்று தனிப் பகுதி திறந்து ஃப்ளூரைடு பற்பசை, சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் மூன்றையும் வைத்தது. 2023இல் இன்னொரு அடைப்புப் பொருளான காம்போசிட்டையும் சேர்த்தது. பாராசிட்டமாலும் இன்சுலினும் இருக்கிற அதே பட்டியல். எந்த மருந்து அத்தியாவசியம் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலைத்தான் எல்லா மருந்துக்கும் மேற்கோள் காட்டுகிறீர்கள். பல்லுக்கு வரும்போது மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள்.

சரி, பிடுங்க வேண்டியதையாவது ஒழுங்காகத் தருகிறீர்களா?

இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஊசியைப் பாருங்கள். பொதுச் சப்ளையில் வரும் 2 மில்லி சிரிஞ்சோடு இருப்பது 24 கேஜ் தடிமனில், ஒரு அங்குல நீள ஊசி. கையில் போடும் ஊசிக்கு அது போதும். கீழ்க் கடைவாய்ப் பல் மரத்துப்போக வேண்டுமானால் தாடை எலும்பின் உட்பக்கத்தில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகே மருந்தை விட வேண்டும். வளர்ந்தவருக்கு அந்த ஆழம் 20 முதல் 25 மில்லிமீட்டர். ஒரு அங்குலமும் 25 மில்லிமீட்டர்தான். ஊசியை அடிவரை புதைக்கவே கூடாது என்பது முதலாண்டு மாணவருக்கும் சொல்லித்தரும் பாடம். ஊசி முறிந்தால் அடியில்தான் முறியும், அடிவரை புதைத்திருந்தால் பிடித்து இழுக்க நுனி கூட வெளியே இருக்காது. அதனால் பாதுகாப்பாக நிறுத்தினால் மருந்து நரம்பைச் சேராது. சேர்க்கப் பார்த்தால் பாதுகாப்பு போகும். நோயாளிக்குத் தெரிவது ஒன்றுதான், மரக்கவில்லை, உயிர் போகிறது. ஒன்றரை அங்குல 26 கேஜ் ஊசி இருந்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

மரக்கச் செய்யும் மருந்திலும் அதே கதை. தையல் போட வைத்திருக்கும், இரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தும் அட்ரினலின் சேராத லிக்னோகெய்னை பல் பிரிவுக்கும் கொடுத்துவிட்டால் கணக்கில் ஒரு வரி குறையும். வாயில் இரத்த ஓட்டம் அதிகம். அட்ரினலின் இல்லாத மருந்து பல் நரம்பில் பத்து நிமிடம்கூட முழுதாக நிற்காது. வேர் உடைந்து தேடிக்கொண்டிருக்கும்போது மரப்பு இறங்கிவிடும், இரத்தமும் நிற்காது. எங்களுக்கு வேண்டியது 2 சதவீத லிக்னோகெய்ன், 80,000க்கு ஒரு பங்கு அட்ரினலினுடன். ஒரே புட்டியைப் பல பேருக்குப் பயன்படுத்துகிற நிலையில் ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்சு கட்டாயம். இரண்டாம் முறை மருந்து ஏற்றவும் அப்படியே. ஆகவே நூறு நோயாளிக்கு நூறு சிரிஞ்சு என்று கணக்குப் போடாதீர்கள்.

கருவிகளின் எண்ணிக்கை அடுத்தது. காலை ஓ.பி.யில் நாற்பது பேர் வாயைத் திறந்து காட்டினால் வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடி நாற்பது, சொத்தையைத் தொட்டுப் பார்க்கும் புரோப் நாற்பது வேண்டும். அதில் பத்துப் பேருக்குப் பல் எடுக்க வேண்டியிருந்தால், மேல், கீழ், முன், கடை என்று பல்லுக்கு ஏற்ற கொறடுகளும் பல்லை நெம்பும் எலிவேட்டர்களும் பத்துத் தடவைக்கு வேண்டும். இருப்பது எட்டு செட். உறையிட்ட கருவிகளை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம் வைக்க வேண்டும். சூடேற ஒரு கால் மணி, உலர ஒரு கால் மணி. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த இரத்தத்துக்கு அடியில் ஆவி போகாது. ஆக ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் மிச்ச நேரத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு செட்டை வைத்துக்கொண்டு ஒரு காலையில் நாற்பது பேரைப் பார்த்ததாக எண்ணிக்கை கேட்பவர், கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்கிறார் என்றுதான் பொருள், வாயால் சொல்லாவிட்டாலும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதில் நுண்ணுயிர் வித்துகள் சாகாது. ஹெபடைடிஸ் பி இருக்கிற ஒருவரின் கொறடு அடுத்தவர் வாய்க்குப் போகிற இடத்தில் அதைச் சுத்தம் என்று நாங்கள் கையெழுத்துப் போட முடியாது.

துணி போட்டு மூடிய பல் நாற்காலிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள், பழுது என்று எழுதியிருக்கிறதே, ஏன் என்று. பெரும்பாலும் நாற்காலி பழுதல்ல. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டாங்கின் அடியில் தேங்கும். அடியில் ஒரு வடிகால் திருகு உண்டு. தினமும் மாலையில் திறந்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. பார்க்க ஆள் இல்லாத நிலையத்தில் அந்தத் தண்ணீர் காற்றோடு ஏறி, காற்றால் சுழன்று பல்லைக் குடையும் ஏர்ரோட்டரின் தலைக்குள் போகும். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பேரிங் அது. துரு பிடித்தால் முதலில் கிரீச்சிடும், பிறகு பர் ஆடும், பிறகு நின்றுவிடும். மாற்ற வேண்டியது விரல் நுனியளவு இருக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ். அதை வாங்க எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் முழு எந்திரமும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று துணிக்கடியில் கிடக்கும். இன்னொன்று தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை நேராக நாற்காலிக்குக் கொடுத்தால் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். வடித்த நீரை ஊற்றும் தனிப் புட்டி அமைப்பு இருந்தால் இந்தத் தொல்லை வராது, நோயாளி வாய்க்குப் போகும் தண்ணீரும் சுத்தமாக இருக்கும்.

அடைக்கவும் வழியில்லை, நரம்பைத் திறந்துவிடவும் வழியில்லை என்ற நிலையில் ஓ.பி. சீட்டில் எழுதப்படுவது அமாக்ஸிசிலின் ஐந்து நாள், மெட்ரோனிடசோல் ஐந்து நாள் என்று இரண்டு ஆண்டிபயாடிக், கூடவே வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக். நரம்பு அழற்சியால் வரும் பல்வலிக்கு ஆண்டிபயாடிக் எதுவும் செய்யாது. பல்லுக்குள் இறுக்கமான அறையில் வீங்கிய திசு அது. அதைத் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கி வலி நிற்கும். வீக்கமும் காய்ச்சலும் பரவும் தொற்றும் இருந்தால்தான் ஆண்டிபயாடிக்குக்கு வேலை. ஆண்டிபயாடிக்கை வீணடிக்காதீர்கள் என்று சுவரொட்டி அனுப்புகிற அலுவலகமே, அதற்கு மாற்றான பர்களின் மேல் சிவப்புக் கோடு போடுகிறது. டைக்ளோஃபெனாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ள பாட்டிமார்கள் பல்வலிக்கென்று அதை மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குகிறார்கள். பல் பிரிவு சேமித்த பணம் டயாலிசிஸ் பிரிவில் செலவாகும்.

குழந்தைகள் விஷயத்தில் நடப்பது இதைவிட மோசம். ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். வாழ்நாள் முழுக்க மெல்லுவதில் பெரும்பாரத்தை அதுதான் சுமக்கிறது. ஏதும் விழாமல் வந்ததால் அம்மாவும் அதைப் பால் பல் என்றே நினைப்பார், விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவார். பன்னிரண்டு வயதில் அந்தப் பல் வெறும் வேராக எங்களிடம் வரும். அதைப் பிடுங்கிய பிறகு பின்பல் முன்னே சாய்கிறது, எதிர்ப்பல் வெற்றிடத்தை நோக்கி இறங்குகிறது, அந்தப் பக்கத்தில் குழந்தை மெல்லுவதையே விட்டுவிடுகிறது.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. வாகனத்தில் வரும் குழு பள்ளியில் வாயைப் பார்த்து, சொத்தை என்று சீட்டில் குறித்து, எங்களிடம் அனுப்புகிறது. கண்டுபிடிப்பு நடக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருகிற குழந்தைக்கு எங்களிடம் இருப்பது கொறடும் மாத்திரையும். அந்த இடத்தில் 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளூரைடு ஒரு புட்டி இருந்தால் என்ன ஆகும்? ஊசி வேண்டாம், எந்திரம் வேண்டாம். பல்லைத் துடைத்து, உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவி, நுண்தூரிகையால் ஒரு நிமிடம் சொத்தையில் தொட்டு வைத்தால் போதும். ஒரு சொட்டு ஐந்து பல் வரை வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி. சொத்தை மேலே பரவாமல் கெட்டியாகி நிற்கும். அந்த இடம் கருத்துப்போகும், அதை முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லி, அம்மாவின் சம்மதம் எழுதி வாங்கிய பிறகே வைக்க வேண்டும். சொல்லாமல் முன்பல்லில் வைத்துவிட்டு அடுத்த நாள் திட்டு வாங்குவது எங்கள் தவறாகும். நரம்பு வரை போன பல்லுக்கும், சீழ் வைத்த பல்லுக்கும் இது உதவாது. நல்ல பற்களுக்கு மேலே பூசும் 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடிய பகுதிகளில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குடிநீரைக் கணக்கில் எடுத்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். அங்கே குடிநீரின் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்ற சோதனை அறிக்கை பல் பிரிவின் மேசைக்கு வருவதே இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கொண்டுபோகிறது. நல்ல திட்டம், அதனால்தான் இதைக் கேட்கிறோம். சர்க்கரை கூடினால் ஈறு நோய் கூடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை எளிதில் இறங்காது. மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போகிறவர்களில் எத்தனை பேர் வாயில் பல் ஆடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் மூன்று கேள்வி கொடுங்கள்: பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உண்டா. இவர்களில் பலர் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்கள். அதை நிறுத்திவிட்டு வந்தால்தான் பல் எடுப்போம் என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒன்றிரண்டு பல் எடுப்பதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. பஞ்சைக் கடிக்க வைத்து, தேவையானால் ஜெலட்டின் ஸ்பாஞ்சு வைத்து ஒரு தையல் போட்டால் இரத்தம் நின்றுவிடும். அந்த ஸ்பாஞ்சும் தையல் நூலும் இருப்பில் இல்லாத இடத்தில்தான் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் வருகிறது.

வாய்ப் புற்று பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். புகையிலை போடாமல் வெறும் பாக்கு மெல்லுகிறேன் என்பவரை ஆபத்தில்லாதவர் என்று விடக்கூடாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பது 2004 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் வகைப் பட்டியலில் உள்ள செய்தி. வாய் இறுகியிருக்கிறதா என்று அறிய, வாயைத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல் செங்குத்தாக உள்ளே போகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண். கூரான பல் குத்துகிறதென்றால் அதை மழுங்கச் செய்து இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் ஆறாவிட்டால் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். மழுங்கச் செய்ய ஓடுகிற ஏர்ரோட்டரும் ஒரு பரும் வேண்டும் என்பதை மறுபடி நினைவூட்டத் தேவையில்லை.

இத்தனைக்கும் வேர் எங்கே இருக்கிறது என்றால், மாதாந்திர அறிக்கைப் படிவத்தில். புறநோயாளிகள் எத்தனை, பிடுங்கிய பல் எத்தனை, மற்றவை எத்தனை. ஒரு பல்லைப் பிடுங்கப் பத்து நிமிடம், அடைக்க இருபது நிமிடம். படிவம் இரண்டுக்கும் ஒரே ஒரு எண் தருகிறது. அதிலும் அடைத்தது "மற்றவை"யில் சேர்ந்து காணாமல் போகிறது. பிடுங்குகிறவர் சுறுசுறுப்பானவராகவும் அடைக்கிறவர் மந்தமானவராகவும் தெரியும்படி ஒரு படிவம் இருக்கும்போது, எந்த மருத்துவர் எதிர்நீச்சல் போடுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

எல்லாச் சிகிச்சையும் எங்களிடமே வேண்டும் என்று கேட்கவில்லை. கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சை, எலும்புக்குள் புதைந்த ஞானப்பல், தாடை முறிவு இவை பெரிய ஆஸ்பத்திரிக்கே போகட்டும். கீழ்த்தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல், நாக்கு மேலே தள்ளி வருகிறவரை நாங்கள் ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டோம், 108இல் ஏற்றிவிடுவோம். கழுத்துக்குள் இறங்கும் அந்தச் சீழ் மூச்சை அடைக்கும். ஆனால் எளிய அடைப்பை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

ஆகவே கேட்பவை.

அடைப்பு நிறுத்தம் பற்றிய வாய்மொழி அறிவுரையைத் திரும்பப் பெறுங்கள். அது நிற்கத்தான் வேண்டும் என்றால் காரணத்தோடும் கையெழுத்தோடும் எழுத்தில் தாருங்கள்; நோயாளி கேட்டால் காட்ட எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்.

ஒவ்வொரு பல் பிரிவுக்கும் மாதத்துக்கு மூன்று புட்டி ஜி.ஐ.சி., ஆண்டுக்கு இரண்டு புட்டி சில்வர் டயமைன் ஃப்ளூரைடு, ஃப்ளூரைடு வார்னிஷ், ஒன்றரை அங்குல 26 கேஜ் ஊசி, அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்ன், ஜெலட்டின் ஸ்பாஞ்சு, தையல் நூல் ஆகியவற்றை நிலையான இருப்பாக அறிவியுங்கள். மருந்துகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக் முறை, அதாவது நிலையத்துக்கு ஒதுக்கிய தொகையைக் குறித்து அதிலிருந்து மருந்து எடுக்கும் முறை, நன்றாகவே நடக்கிறது. பல் பிரிவுக்கென்று அதில் ஒரு தனித்தொகை குறியுங்கள், காய்ச்சல் மாத்திரையோடு பல் சிமெண்ட் போட்டி போட வேண்டாம்.

கண்ணாடி-புரோப் செட் நாற்பது, பல் எடுக்கும் செட் இருபது, இன்னொரு சிறிய ஆட்டோகிளேவ், அதற்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இணைப்பு. அது வித்துகளைக் கொல்கிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை வித்துச் சோதனைக் கீற்று.

காலியாக உள்ள உதவியாளர் பணியிடங்களை நிரப்புங்கள். அதுவரை, வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு பணியாளரை அடைப்பு நாளுக்கென்று ஒதுக்குங்கள். இது பணம் கேட்காத கோரிக்கை, அடுத்த திங்களே செய்யலாம்.

நாற்காலிக்கும் கம்ப்ரசருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கார்ட்ரிட்ஜ், ஓ-ரிங், ஃபில்டர் போன்ற சிறு பாகங்களை நிலைய மருத்துவ அலுவலரே வாங்கிக்கொள்ளும் அதிகாரம். பதினைந்து நாளுக்கு மேல் ஓடாத நாற்காலியின் பட்டியல் ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் முதல் பக்கத்தில் வரட்டும்.

பல்லில்லாத முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒரு பல்செட் ஆய்வகம். முழு செட்டுக்கு ஐந்து முறை வர வேண்டும்: முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கடி அளவு, மெழுகில் பொருத்திப் பார்த்தல், கொடுத்தல். ஐந்தையும் எங்கள் நிலையத்திலேயே செய்துவிடுவோம். அச்சு மட்டும் பயணம் போகட்டும், பாட்டி போக வேண்டாம்.

கடைசியாகப் படிவம். "மற்றவை" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு அடைத்த பல், காப்பாற்றிய ஆறு வயதுப் பல், புற்றுச் சந்தேகத்தில் அனுப்பி முடிவு தெரிந்தவர், அடைப்புச் சாமான் இல்லாததால் பிடுங்கிய பல் என்று நான்கு கட்டம் போடுங்கள். நான்காவது கட்டத்தை நாங்கள் ஒளிவுமறைவு இல்லாமல் நிரப்புவோம்.

முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். எழுத்தில்.

இப்படிக்கு,
வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களின் பல் மருத்துவர்களும் உதவியாளர்களும்